ழ இல்லாத கல்யாண வாழ்த்து

எங்கள் இன்னாசியம்மாள் எழுதும் கல்யாண வாழ்த்துக்காக, அரூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ் ஒரு முகூர்த்தம் முழுக்கக் காத்து நின்றிருக்கிறது. டிரைவர் இறங்கினார், கண்டக்டர் இறங்கினார், கோழிக் கூடையோடு இருந்த கிழவிகூட இறங்கி வந்து அச்சகத்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா கண்ணு? நாங்க ஊர் போய்ச் சேரணும்" என்று கேட்டாள். வாழ்த்து அச்சாகி மை காய்ந்த பிறகுதான் பஸ் கிளம்பியது.

சரி, இதில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். பஸ் நின்றது பஞ்சர் ஒட்டுவதற்காக. கோழிக் கூடைக்காரி கேட்டது தண்ணீர். ஆனால் பஞ்சர் ஒட்டி முடிவதற்குள் இன்னாசியம்மாள் ஒரு வாழ்த்தை யோசித்து, ஈய எழுத்தில் அடுக்கி, அச்சடித்தும் கொடுத்துவிட்டாள் என்பது சத்தியம். அந்தத் தாளில் பிழை திருத்தியவள் நான்.

நான் பாப்பாரப்பட்டிக்காரி. அரூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்து வந்தபோது, எங்களைச் சேலத்திலிருந்து பிரித்துத் தர்மபுரியைத் தனி ஜில்லா ஆக்கி அதிக நாள் ஆகவில்லை. அதனால் அரூரில் அப்போது மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிய இடம் சவுரியப்பனின் அச்சகம்தான். உரக்கடை, ரைஸ் மில், சங்கம், எல்லோருக்கும் 'சேலம் ஜில்லா' என்று இருந்த தாளை எல்லாம் மாற்றி அடிக்க வேண்டியிருந்தது. பிழை திருத்த ஆள் வேண்டும் என்று சவுரியப்பன் பள்ளிக்கூடத்தில் வந்து கேட்டார். சாயங்காலத்தில் எனக்கும் பொழுது போக வேண்டியிருந்தது. போனேன்.

அங்கேதான் இன்னாசியம்மாள் எழுத்து கோத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அரூருக்கு வடக்கே, மாதா கோயிலும் ராகிக் கொல்லையுமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். வயசுக்கு வந்த பெண்ணை உடனே கட்டிக்கொடு என்று சொந்தமெல்லாம் சொன்னபோது, அவள் அண்ணன் கஸ்பார் ஒருத்தன்தான் கேட்கவில்லை. சேலத்தில் கன்னியாஸ்திரிகள் ஓர் அச்சகம் நடத்திப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்து கோக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தங்கையை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். ஊர் அவனை வறுத்தெடுத்தது. "பொட்டப்புள்ளைக்கு அச்சாபீசு எதுக்குடா?" என்று அவன் அத்தை மதலேனம்மாள் மாதா கோயில் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாளாம். இவன் போய் ஏர் கட்டினானாம்.

இன்னாசி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். முன்னால் சாய்வாக ஒரு மரப் பலகை, அதில் சின்னச் சின்னப் பெட்டிகள், பெட்டிக்கு ஓர் எழுத்து. வலது கை பெட்டிகளின் மேல் கோழி தவிடு கொத்துவதுபோல் கொத்திக்கொண்டே போகும். இடது கையில் இருக்கும் இரும்புத் தட்டில் வரி ஏறிக்கொண்டே வரும். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருக்கும். அவள் அப்படியே படிப்பாள். நம் மாதிரி நேராக எழுதியதைப் படிக்கத்தான் அவளுக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவளும் மறுத்ததில்லை.

அவள் எழுத ஆரம்பித்தது ஒரு விபத்து. தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து சென்னப்பன் என்று ஒருவன், நண்பனின் கல்யாணத்துக்கு வாழ்த்து அச்சடிக்க வந்திருந்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்த பாட்டு. கோத்துப் பார்த்தால் தாளின் அடியில் இரண்டு விரல் அகலம் காலியாக நின்றது. சவுரியப்பன் சாப்பிடப் போயிருந்தார். இன்னாசி ஒரு பூ அச்சை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"பூவெல்லாம் வேணாங்க," என்றான் சென்னப்பன். "பூ எங்க கொல்லையிலயே கெடக்குது. நான் எழுத்துக்குத்தான வந்தேன். எழுத்துப் போடுங்க."

"எழுத்துன்னா எதையாவது போட முடியுமா? அவரு இவ்வளவுதான எழுதிக் குடுத்திருக்காரு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அதோ பஸ்ஸு ஹாரன் அடிக்கிறான். மொட்டையா எடுத்துட்டுப் போனா மாப்பிள்ளை வூட்டுல என்னை மொட்டையடிச்சிடுவாங்க."

இன்னாசி தட்டைக் கையில் எடுத்தாள். "மாப்பிள்ளை என்னா பண்றாரு?"

"கெணறு வெட்டறான். வேற என்னா பண்றான்? ரெண்டு வருசமா பாறையத்தான் வெட்டிக்கிட்டு இருக்கான்."

"தண்ணி வந்துச்சா?"

"எங்கீங்க!"

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. அவள் கை பெட்டிக்குப் போய்விட்டது. காகிதம் இல்லை, பேனா இல்லை. நேராக ஈயத்திலேயே வந்தது இது:

*பாறைதனைப் பிளந்து நிற்கும் பங்காளி, கேளடா!*
*ஊறிவரும் முதல் தண்ணீர் உன் வீடு வந்துவிட்டாள்!*

சென்னப்பன் தாள்களை அள்ளிக்கொண்டு ஓடினான். கல்யாணத்தில் அந்தப் பெரியவரின் பாட்டை விட்டுவிட்டு இந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்களாம். தாலி கட்டிய அன்றே கிணற்றில் ஊற்றுக் கண்டது என்றுகூட நான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கே இல்லை, அந்தக் கோடையில்.

அதற்கப்புறம் ஆள் மேல் ஆள் வந்தார்கள். எல்லோரும் கடைசி நேரத்தில் வந்தார்கள். கல்யாணக்காரர்களுக்குப் பந்தல், பாத்திரம், பாயசம் எல்லாம் நினைவிருக்கும். வாழ்த்து மட்டும் முந்தின நாள்தான் நினைவுக்கு வரும். இன்னாசி ஒவ்வொருவரையும் நிற்க வைத்து விசாரிப்பாள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, பெண்ணின் ஊரில் என்ன விளையும், மாமியார் எப்படிப்பட்டவள். கடைசிக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்கள்.

"எப்படி இவ்வளவு சீக்கிரம் வருது உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியலீங்க டீச்சர். நேரமிருந்தா பெரிய வார்த்தையா தேடிக்கிட்டு நிப்பேன். ஹாரன் அடிச்சுட்டான்னா கைக்கு எது வருதோ அதைப் போட்டுடறேன்."

எனக்கு அது விளையாட்டாகப் பிடித்துப் போயிற்று. நான் யாப்பு படித்தவள். எனக்கும் எழுத வரும். ஆனால் ஒரு வெண்பாவுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன். அதனால் இரண்டு பேரும் பந்தயம் போட ஆரம்பித்தோம். சவுரியப்பன் டீ குடிக்கப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் எழுதிவிட வேண்டும். ஒருத்தி தலைப்புக் கொடுக்க வேண்டும், அத்தோடு ஒரு தடையும் போட வேண்டும்.

"வெயிலைப் பத்தி எழுது. வெயில்னு வரக்கூடாது. சூரியன், அனல், நெருப்பு எதுவும் வரக்கூடாது," என்றேன் நான்.

அவள் கோத்துக் காட்டினாள்: *தார் ரோட்டில் செருப்பு நின்றுவிட்டது, கால் மட்டும் வீடு வந்தது.*

"இப்ப உங்களுக்கு," என்றாள். "மாமியார் கோபம். கோபம்னு சொல்லக் கூடாது. மாமியார் வாயே தெறக்கக் கூடாது."

தெருமுனையில் சவுரியப்பனின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒன்றும் வரவில்லை. சத்தம் கேட்டதும் வந்துவிட்டது: *சட்டியை அவள் மெதுவாகத்தான் வைத்தாள், பக்கத்து வீட்டில் பிள்ளை விழித்துக்கொண்டது.*

"அய்யோ டீச்சர்," என்று அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வரி சரிந்து தரையெல்லாம் எழுத்து. சவுரியப்பன் உள்ளே வந்து பார்த்தார். "என்னம்மா இது? எழுத்தை வெதைச்சிருக்கீங்க? அறுப்புக்கு எப்ப வரணும்?" என்று கேட்டுவிட்டுத் தானும் குனிந்து பொறுக்கினார். அவர் சும்மா கத்துவாரே தவிர நல்ல மனிதர்தான். ஒரே ஒரு நாள் தவிர. அந்த நாளுக்குத்தான் வருகிறேன்.

கஸ்பாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தங்கைக்கு முடித்துவிட்டுத்தான் தனக்கு என்று பிடிவாதமாக இருந்தவனை இன்னாசிதான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். பெண் ராஜமேரி, தர்மபுரிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். நிச்சயம் முடிந்த கையோடு தபசு காலம் வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நோன்பு நாட்களில் கிறிஸ்தவர்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆகவே ஈஸ்டர் முடிந்த வாரத்தில் என்று நாள் குறித்தார்கள்.

எல்லா வாழ்த்தையும் முந்தின நாள் எழுதியவளுக்கு, தன் அண்ணனுக்கு எழுத ஒரு தபசு காலம் முழுக்கக் கிடைத்தது. அவளுக்கு ஒரு வரி வரவில்லை.

நான் முதலில் கவலைப்படவில்லை. பிறகுதான் பார்த்தேன், அச்சகத்தில் வீணாகும் துண்டுத் தாள் எல்லாம் அவள் முந்தானையில் இருந்தது. எழுதுவாள், கசக்குவாள். "வாழ்க பல்லாண்டு" என்று ஆரம்பிப்பாள். "இது சென்னப்பன் சிநேகிதனுக்குப் பின்னாடி வந்த கல்யாணத்துக்குப் போட்டதாச்சே" என்று கிழிப்பாள். "எழில்மிகு" என்பாள். "இது ரைஸ் மில்காரர் மகளுக்கு" என்று அதையும் கிழிப்பாள். மகிழ்ச்சி, புகழ், குழல், யாழ் என்று எந்தச் சொல்லைத் தொட்டாலும் யாராவது ஒரு மாப்பிள்ளை உபயோகித்துக் கழற்றிப் போட்ட மாலை மாதிரி இருந்தது அவளுக்கு. நானும் உதவப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இலக்கண அழகையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். "நல்லா இருக்குதுங்க டீச்சர். ஆனா எங்கண்ணன் அதுல இல்லியே," என்றாள்.

கஸ்பார் சந்தைக்கு வரும்போதெல்லாம் அச்சகத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பான். வாசல்படிக்கு வெளியிலேயே நிற்பான். உள்ளே வந்தால் எழுத்தை மிதித்துவிடுவோமோ என்று பயம்.

"எழுதிட்டியா கண்ணு?"

"எழுதிக்கிட்டே இருக்கேண்ணே."

"அவசரமே இல்ல. நெதானமா எழுது. நெறய நாள் கெடக்குது."

அவன் அப்படி அன்பாகச் சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு அவளுக்கு மற்றவர்கள் வேலைகூட ஓடாது. அத்தை மதலேனம்மாள் வேறு கல்யாண ஜவுளி எடுக்க அரூர் வந்தவள் படியேறி வந்து, "ஏண்டி, ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் கவி பாடறியாம். ஓங்கண்ணன் கல்யாணத்துல பாக்கத்தான போறோம். எங்க பேச்சைக் கேக்காம அனுப்பி வச்சான். என்னாத்தைக் கத்துக்கிட்டு வந்தேன்னு சனம் பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதுதான் விஷயம். மற்ற வாழ்த்து நன்றாக இல்லாவிட்டால் ஒரு தாள் வீண். இந்த வாழ்த்து நன்றாக இல்லாவிட்டால், அன்றைக்குத் தனியாக நின்ற அண்ணன் ஊர் முன்னால் மறுபடி தலைகுனிந்து நிற்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறும் கோயிலில் ஓலை வாசித்தாயிற்று. குருத்தோலை ஞாயிறு போயிற்று, ஈஸ்டரும் போயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்தபோதும் அவளிடம் ஒரு வரி இல்லை.

அது தேர்தல் முடிந்த சமயம். அறுபத்தேழாம் வருஷத் தேர்தல். ஜெயித்தவர்களுக்கு வெற்றிவிழா நோட்டீஸ், தோற்றவர்களுக்கு நன்றி நோட்டீஸ். எந்தக் கட்சியானால் என்ன, 'வாழ்க' இல்லாமல் ஒரு நோட்டீஸும் கிடையாது. தலைவர் வாழ்க, தமிழ் வாழ்க, வாக்களித்த பெருமக்கள் வாழ்க, தோற்கடித்த பெருமக்களும் வாழ்க. மத்தியான மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நான் அச்சகத்துக்கு ஓடினேன். அவள் பலகை முன்னால் நின்று ஒரு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ழ இல்ல," என்றாள்.

எட்டிப் பார்த்தேன். ழ, ழி, ழு, ழ வரிசைப் பெட்டி எல்லாம் துடைத்துவிட்டதுபோல் காலி. இருந்த ழ அத்தனையும் வெற்றிவிழா நோட்டீஸுக்குள் போய், இரும்புச் சட்டத்தில் இறுகப் பூட்டிக் கல்மேஜை மேல் கிடந்தது. இன்னும் பிரதி வேண்டும் என்று கேட்பார்கள் என்பதால் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். வேறு அளவு எழுத்தில் ழ இருந்தது. அதைப் போட்டால் வரிசையில் துருத்திக்கொண்டு நிற்கும் பல் மாதிரி இருக்கும்.

சாயங்காலத்துக்குள் அவள் ஊர் போய்ச் சேர வேண்டும். அந்த ஊருக்கு மூன்று மணி பஸ்ஸை விட்டால் வேறு இல்லை. மெஷினும் கொஞ்ச நேரம்தான் சும்மா இருக்கும். அப்புறம் நோட்டீஸின் மறுபக்கம் ஏறிவிடும். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கல்மேஜை ஓரத்தில் நின்றுகொண்டிருந்த சவுரியப்பனைப் பார்த்து, "ஒரு தங்கச்சி அண்ணன் கல்யாணத்துக்கு எழுதறா. இந்தச் சட்டத்தைத் திறந்து நாலு ழ எடுத்துக் கொடுத்தா உங்க வெற்றிவிழா தோத்தாப் போயிடும்? எரிஞ்ச வீட்டுல கொள்ளி பொறுக்கற மாதிரி நிக்கிறீங்களே!" என்று கத்தினேன்.

அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார், இன்னாசியைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கல்மேஜையைவிடக் கல்லான மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

"அவரை விடுங்க டீச்சர்," என்றாள் இன்னாசி.

"அப்ப ழவுக்குப் பதிலா ள போடு. எங்க பக்கம் பாதி சனம் அப்படித்தான் சொல்லுது."

"எங்கண்ணன் கல்யாணத்துல பிழையா? அதுவும் டீச்சர் திருத்தின தாள்ல?" என்று சொல்லிச் சிரித்தாள். தபசு காலம் பூராவும் நான் பார்க்காத சிரிப்பு. "ழ இல்லாம ஒரு வாழ்த்து. இது யாரு போட்ட தடைன்னே தெரியல. பந்தயமா?"

"வாழ்த்துங்கிற வார்த்தையிலயே ழ இருக்குதேடி!"

"அதான். தலைப்பே போச்சு. வாழ்க போச்சு, மகிழ்ச்சி போச்சு, எழில் போச்சு, யாழ் போச்சு, வாழை மரம் போச்சு." விரல் மடக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொன்று போகப் போக அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "இனி என்ன டீச்சர் மிச்சம்? எங்கண்ணன் மட்டுந்தான மிச்சம்."

கை பெட்டிக்குப் போயிற்று. மெஷின் மிதிக்கும் அருள்நாதன் மையைத் தேய்த்து வைத்துக்கொண்டு நின்றான். நான் பள்ளிக்கூடத்து மணியை மறந்து நின்றேன். இடையில் ஒரே ஒரு தடவைதான் கை நின்றது.

"கூழுன்னு போட வந்தேன். அதுலயும் ழ!"

"களின்னு போடேன்."

"ஆமா, அவன் தின்னதும் களிதான். கூழு எங்க வூட்டுல யாரு குடிச்சா? எல்லாரும் எழுதறாங்களேன்னு எழுதப் போனேன்."

மூன்று மணி பஸ் வந்து நின்று உறுமியபோது அருள்நாதன் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் நானும் கல்யாணத்துக்குப் போனேன்.

கோயிலில் பூசை முடிந்து பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாழ்த்து வாசிப்பது அந்த ஊரில், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வேலை. அவர் தாளை வாங்கினார், கண்ணாடியை மாட்டினார், மேலிருந்து கீழ்வரை பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஏம்மா இன்னாசி, இதுல வாழ்கன்னு ஒண்ணையுமே காணோமே?"

இதற்காகவே காத்திருந்ததுபோல் மதலேனம்மாள் எழுந்தாள். "என்னாது? வாழ்கன்னு இல்லாம வாழ்த்தா? நல்ல காரியத்துல ஏண்டி இப்பிடிப் பண்ணி வச்சிருக்க? இதுக்குத்தான் சேலம் போயிப் படிச்சியா?"

பந்தலில் முணுமுணுப்புக் கிளம்பியது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த கஸ்பார் தங்கையைப் பார்த்தான். இன்னாசி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் உள்ளங்கையெல்லாம் வியர்த்துவிட்டது.

"நீங்க வாசிங்க உபதேசியாரே," என்றான் கஸ்பார்.

அவர் வாசித்தார்.

*தங்கை சொல்*

*கள்ளிக்காட்டு வரப்பின் மேலே*
*கைப்பிடித்து நடந்தவன்;*
*முள்ளிருந்த பாதையென்றால்*
*முன்நடந்து மிதித்தவன்.*

*"பெண்ணுக் கெதற்கு அச்சு வேலை?"*
*பேசிய ஊர் நடுவிலே,*
*கண்ணசைத்து, "நீ போ கண்ணு,*
*நானிருக்கேன்" என்றவன்.*

*களியில் உப்பு மறந்து போனால்*
*கண்டு கொள்ளான், தின்னுவான்;*
*எளியவன் எம் அண்ணன், அண்ணி,*
*இனி உனக்கே தந்தனம்.*

*கோபம் வந்தால் மாட்டி னோடு*
*கொஞ்ச நேரம் பேசுவான்;*
*பாவம், அந்த மாட்டுக் கினிமேல்*
*பாதி ஓய்வு கிடைக்கட்டும்!*

'நானிருக்கேன்' என்ற இடத்தில் பந்தல் அடங்கிவிட்டது. கஸ்பார் மாலையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். மாலையில் பார்க்க ஒன்றுமில்லை. மாடு வந்த இடத்தில் முக்காட்டுக்குள் இருந்து ஒரு சிரிப்பு வெளியே வந்துவிட்டது. கல்யாணப் பெண் சிரிக்கலாமா, அதுவும் சத்தமாக? ராஜமேரி சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து அவள் அம்மா, அப்புறம் பந்தல் முழுக்க. "அந்த மாடு பேசினா இன்னிக்கு அதுதான் மொத ஆளா வந்து மொய் வைக்கும்!" என்று யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். மதலேனம்மாள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்தவளிடம், "அவன் மாட்டோட பேசறது வாஸ்தவந்தான். நானே கேட்டிருக்கேன்," என்றாள். அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்க முடியாது. போகும்போது இரண்டு தாள் கேட்டு வாங்கிப் போனாள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது கஸ்பார் தங்கையிடம் வந்தான். "அவசரமா எழுதினியா கண்ணு?"

"ஆமாண்ணே. நேத்து மத்தியானந்தான்."

"அப்ப இனிமே அவசரமாவே எழுது."

அன்றிலிருந்து அவள் அப்படித்தான் செய்தாள். யாராவது பொறுப்பாக ஒரு மாதம் முன்னால் வந்து வாழ்த்துக் கேட்டால், "இப்ப போயிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் வாங்க" என்று அனுப்பிவிடுவாள். எழுத ஆரம்பிக்கும் முன் ஓர் அட்டைத் துண்டை எடுத்து ஏதாவது ஒரு பெட்டியை மூடி வைப்பாள். இன்றைக்கு ம, நாளைக்கு பூ. பூ இல்லாமல் கல்யாண வாழ்த்தா என்று கேட்டால், "பூவுக்குப் பதிலா என்னா வருதுன்னு பாப்போம்" என்பாள். மிளகாய் வந்தது, புளியம்பிஞ்சு வந்தது, ஒரு தடவை பெண் வீட்டு எருமை வந்தது.

நானும் அதை வகுப்பில் செய்து பார்த்தேன். 'மழை' என்று கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாப் பெண்களும் ஒரே கட்டுரையை எழுதினார்கள். மேகம், மயில், உழவர் மகிழ்ச்சி. 'நனைந்தது என்று எழுதாமல் நனைந்ததை எழுது, மணி அடிப்பதற்குள்' என்றேன். முதலில் முனகினார்கள். பிறகு ஒவ்வொருத்தி வீட்டுக் கூரையிலும் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரிய வந்தது. நேரம் குறையும்போது ஏன் நல்லது வருகிறது என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. பயத்தில் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். பயத்தில் எனக்கு வியர்வைதான் வந்திருக்கிறது. வசதியாக இருக்கும்போது நமக்கு முன்னால் எல்லோரும் நடந்த பாதையிலேயே கால் போகிறது. அதில் ஒரு மரம் விழுந்து கிடந்தால்தான் கொல்லைக்குள் இறங்கி நம் வழியைப் பார்க்கிறோம் போலும். இப்படித்தான் நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னாசி பிற்பாடு அந்த அருள்நாதனையே கட்டிக்கொண்டாள். அவர்கள் கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதியது நான். கிடைத்த ழவை எல்லாம் அதில் போட்டேன். எழுபதுகள் முடியும் வரைக்கும் அவள் அதே பலகை முன்னால்தான் நின்றாள். சவுரியப்பனை மட்டும் நான் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. நாலு ழ கொடுக்க மனசு வராத மனிதன், தங்கச்சி மாதிரி இருந்தவளை அப்படித் தவிக்க விட்டான் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். 'என்னைத் தாண்டித்தான் இந்தச் சட்டத்தைத் தொடணும்' என்று அவர் கல்மேஜை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டதாகவும் சில தடவை சொல்லியிருக்கிறேன்.

இதுவரை எழுதியதை இன்னாசிக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள், இந்த இடத்தில் முறத்தைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், அதை மட்டும் மாத்தி எழுதுங்க. நீங்க வரதுக்கு முந்தியே சவுரியப்பண்ணன் சட்டத்தைத் தெறக்கற சாவியை என் கையில குடுத்துட்டாரு. 'வேணுங்கிற ழவை எல்லாம் உருவிக்கம்மா, நோட்டீஸ்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்'னாரு. நான்தான் சாவியைத் திருப்பிக் குடுத்துட்டேன். 'வேணாம்ணே, டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னேன்."